படம் திருத்த லெப்டொப்: திரையில் தொடங்குங்கள்

"போட்டோ எடிட் பண்ணவா? அப்ப ஐ7 எடுங்க. 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி. இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது." கொழும்பில் லெப்டொப் கேட்டுப் போகிறவருக்கு இந்தப் பாட்டு பழகிப்போன ஒன்று. திரை எப்படி என்று கேட்டால் "15.6 இஞ்சி, ஃபுல் எச்டி" என்பதோடு கதை முடிந்துவிடும். அந்தப் பதிலில் அளவு இருக்கிறது, புள்ளிகளின் எண்ணிக்கை இருக்கிறது. நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. படம் திருத்துகிறவர் முதலில் கேட்க வேண்டியதோ அதைத்தான்.

புரொசசர் மெதுவாக இருந்தால் நேரம்தான் போகும். ஒரு பிளேன் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம். திரை நிறத்தை மாற்றிக் காட்டினால் வேலையே பிழைத்துப்போகும்.

எப்படி என்று பார்ப்போம். வெள்ளவத்தையில் மண்டபமொன்றில் எடுத்த கலியாணப் படங்களை வீட்டில் வந்து திறக்கிறீர்கள். மணமகளின் கூறை அரக்குச் சிவப்பு, கரையில் சரிகை. மலிவான திரைக்கு அந்தச் சிவப்பு எட்டாது, முடிந்த மட்டில் ஒரு செங்கல் நிறத்தைக் காட்டும். கோப்பில் நிறம் சரியாகத்தான் இருக்கிறது. திரைக்குத்தான் அதை உண்டாக்கும் வல்லமை இல்லை. இது தெரியாமல், படம் சோர்ந்து கிடக்கிறதே என்று நிறத்தின் செறிவைக் கூட்டும் சாச்சுரேஷனை 20, 30 என்று ஏற்றுவீர்கள். இப்போது உங்கள் திரையில் அழகாக இருக்கும். அதே படம் மணமகளின் போனுக்குப் போனதும் கூறையின் நெசவும் மடிப்பும் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும். முகங்கள் செம்மஞ்சளாகிவிடும். நடுத்தர விலைப் போன்களிலேயே இப்போது நல்ல ஓலெட் திரை வந்துவிட்டது. ஆகவே வாடிக்கையாளர் உங்களிடம் இருப்பதைவிட நல்ல திரையில் உங்கள் வேலையைப் பார்க்கிறார். சண்டை அங்கேதான் தொடங்கும்.

ஒரு திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு அளவுகோல் உண்டு. 1996இல் எச்பியும் மைக்ரோசொஃப்ட்டும் சேர்ந்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைதான் இன்றைக்கும் பொதுவான அடிப்படை. இணையத்தில் ஏறும் படம், வட்ஸ்அப்பில் போகும் படம், பெரும்பாலான லாப்கள் பிரிண்டுக்கு வாங்கும் ஜேபெக் எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கும். படம் திருத்தும் திரை எஸ்ஆர்ஜிபியில் 95 வீதத்துக்கு மேல் காட்ட வேண்டும். 100 என்றால் இன்னும் நல்லது.

சிக்கல் என்னவென்றால், விலை குறைந்த லெப்டொப்களின் விவரத்தாளில் எஸ்ஆர்ஜிபி என்ற பேச்சே இருக்காது. "45% என்டிஎஸ்சி" என்று ஒரு வரி இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிக்காக வகுத்த அளவு. அதன்படி 72 என்று இருந்தால்தான் ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபி. 45 என்றால் எஸ்ஆர்ஜிபியில் அறுபது சொச்சம் வீதம் மட்டுமே. மேலே சொன்ன செங்கல் நிறக் கூறை இந்த 45 வீதத் திரையின் உபயம். அந்த வரியைக் கண்டால் புரொசசர் என்னவாக இருந்தாலும் அடுத்த மெஷினுக்குப் போய்விடலாம். சில விவரத்தாள்களில் அந்த வரியையும் விட்டிருப்பார்கள். நிறத்தைப் பற்றி மௌனமாக இருக்கும் விவரத்தாளை 45 என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

"ஐபிஎஸ் திரை" என்று போட்டிருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். போதாது. ஐபிஎஸ் என்றால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது, அவ்வளவுதான். 45 வீத ஐபிஎஸ் திரைகள் சந்தையில் தாராளமாக உண்டு. பழைய டிஎன் வகை என்றால் திரையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தாலே படத்தின் மேல்பாதி ஒரு நிறம், கீழ்பாதி வேறு நிறம். அதை வாங்கவே வேண்டாம். ஓலெட் நிறத்தில் மிக நல்லது, கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். ஆனால் கடையில் அதை ஆகப் பளபளப்பான நிற அமைப்பில்தான் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்காமல் எஸ்ஆர்ஜிபி அமைப்பு தனியாக இருக்கிறதா என்று கேட்டு, வேலை செய்யும்போது அதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓலெட் திரையில் அசையாத ஒரே காட்சி நாள்கணக்கில் நின்றால் தடம் விழும் வாய்ப்பும் உண்டு. திருத்தும் மென்பொருளின் பக்கப் பட்டைகள் நாள் முழுக்க அசையாமல் நிற்பவை என்பது நினைவிருக்கட்டும்.

சேலைக் கடையில் ட்யூப் லைட்டை நம்பாமல் துணியை வாசல் வரை கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பவர்கள் நாங்கள். லெப்டொப்புக்கும் அதே பிடிவாதம் வேண்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா போன்ற இடத்தில் கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரே நாளில் பல திரைகளைப் பார்த்துவிடலாம். போகும்போது ஒரு பென் டிரைவில் நீங்களே எடுத்த நாலைந்து படங்களைக் கொண்டுபோங்கள்: கடும் சிவப்பும் தங்கமும் உள்ள ஒன்று, கறுப்புக் கோட் போட்ட மாப்பிள்ளை, முகம் கிட்டத்தில் தெரியும் ஒன்று, காலிமுகத்திடலில் சூரியன் விழும் நேரத்து வானம். அதே படங்கள் உங்கள் போனிலும் இருக்கட்டும். திரையின் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றச் சொல்லி, படத்தை முழுத்திரையில் திறந்து, போனைப் பக்கத்தில் பிடியுங்கள். போனிலேயே நிறத்தைக் கூட்டிக் காட்டும் விவிட் அமைப்பு இருந்தால் அதை நிறுத்தி இயல்பு நிறத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிடுவதே பொய்.

சிவப்பு ஒத்துப்போகிறதா? கோட்டின் கழுத்துப் பட்டியும் மடிப்பும் பிரிந்து தெரிகின்றனவா, அல்லது ஒரே கறுப்பா? வானத்தில் செம்மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நிறம் வழுக்கிப் போகிறதா, அல்லது பட்டை பட்டையாக வெட்டி நிற்கிறதா? கடைக்காரர் அவசரப்படுத்தினால் அவசரப்படட்டும். காசு உங்களுடையது.

இன்னொரு விஷயம். நோட்புக்செக் போன்ற தளங்கள் திரைகளைக் கருவி வைத்து அளந்து எஸ்ஆர்ஜிபி வீதம், வெளிச்சம் எல்லாம் போடுகின்றன. வாங்க நினைக்கும் மொடலை அங்கே தேடிப் பாருங்கள். ஆனால் ஒரே பெயருள்ள லெப்டொப் நாட்டுக்கு நாடு வெவ்வேறு திரையோடு வரும். அவர்கள் அளந்தது 100 வீதத் திரையாக இருக்கலாம், இங்கே பெட்டிக்குள் இருப்பது 45ஆக இருக்கலாம். ஆகவே மொடல் பெயரோடு பின்னால் வரும் எழுத்தும் எண்ணுமான முழு இலக்கத்தையும் ஒப்பிட வேண்டும்.

வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். 250 நிட்ஸ் திரையை இரவிலோ மூடிய அறையிலோ பாவிக்கலாம். பால்கனிக் கதவு திறந்திருக்கும் மாடிவீட்டில் பகலில் வேலை என்றால் 300க்குக் கீழே போக வேண்டாம், 400 என்றால் நிம்மதி.

வீட்டில் ஒரே இடத்தில் இருந்து திருத்துபவர் என்றால் நான் சொல்லும் வழி வேறு. லெப்டொப்பில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, எஸ்ஆர்ஜிபி 99 வீதம் காட்டும் 24 இஞ்சி ஐபிஎஸ் மொனிட்டர் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். நிறத்தை அதில் பாருங்கள், லெப்டொப் திரையில் கோப்புகளை மட்டும் விரித்து வையுங்கள். லெப்டொப் பழசாகி மாற்றும்போதும் மொனிட்டர் உங்களோடு இருக்கும். மண்டபத்திலேயே இருந்து அன்றே படம் கொடுக்கும் வேலை செய்பவருக்கு இது உதவாது. அவர் லெப்டொப் திரைக்கே காசைப் போட வேண்டும்.

அடுத்தது ரேம். இதில் கடைக்காரர் சொல்வது சரி, 16 ஜிபி வேண்டும். ஏனென்று ஒரு கணக்கு: 24 மெகாபிக்ஸல் படத்தைப் போட்டோஷொப்பில் 16 பிட்டில் திறந்தால் 2 கோடியே 40 இலட்சம் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறம், ஒரு நிறத்துக்கு 2 பைட். மொத்தம் 144 எம்பி. திருத்தம் செய்ய அதன்மேல் லேயராக, அதாவது அடுக்காக, ஒரு கொப்பி எடுத்தால் இன்னொரு 144. தோலுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று என்று பத்து லேயர் வந்தால் ஒரே படம் ஒன்றரை ஜிபியை நெருங்கும். அதற்குமேல் நீங்கள் பின்னுக்குப் போய் மாற்றுவதற்காக மென்பொருள் வைத்திருக்கும் பழைய நிலைகள். விண்டோஸும் திறந்து கிடக்கும் பிரவுசரும் தங்கள் பங்கை முதலிலேயே எடுத்துக்கொண்டிருக்கும். 8 ஜிபி மெஷின் இந்த இடத்தில் மூச்சுத் திணறி எஸ்எஸ்டியைத் தற்காலிக நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கும், தூரிகை இழுத்த பிறகு கோடு வரும். அடோபி நிறுவனமே போட்டோஷொப்புக்கு 8ஐக் குறைந்தபட்சம் என்றும் 16ஐப் பரிந்துரை என்றும்தான் சொல்கிறது.

"இப்ப 8 எடுங்க, பிறகு கூட்டலாம்" என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: ஸ்லொட் இருக்கா, இல்லை மதர்போர்டோடு பற்றவைத்து வந்ததா? மெல்லிய லெப்டொப்களில் பலவற்றில் ரேமைப் பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றில் வாங்கிய நாளில் உள்ளதுதான் கடைசி நாள் வரைக்கும்.

புரொசசர் ஸ்டிக்கரில் ஏமாறுவது சுலபம். 2020இல் வந்த ஐ7 1165ஜி7இல் வேலையைப் பிரித்துச் செய்யும் கோர் நாலு. 2022இன் ஐ5 1240பியில் பன்னிரண்டு. கலியாணத்தின் ஆயிரம் படங்களை ஒரேயடியாக ஜேபெக்காக மாற்றும்போது அந்த ஐ5தான் முந்தும். ஏஎம்டியில் இன்னும் நுணுக்கமான விளையாட்டு. ரைஸன் 5 7520யூ என்ற பெயரைப் பார்த்தால் புதுசு என்றே தோன்றும். உள்ளே இருப்பது 2019இல் வந்த ஸென் 2 வடிவமைப்பு, நாலு கோர். அந்த 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் தலைமுறை: 7520இல் 2, 7640இல் 4. 2 உள்ளதை விடுங்கள், 4 உள்ளதை எடுங்கள். ஒரு பொதுவான வரியாகச் சொன்னால், புதிய ஐ5 அல்லது ரைஸன் 5 படம் திருத்தத் தாராளம். ஐ7க்குக் கேட்கும் மேலதிகக் காசைத் திரைக்குக் கொடுங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்ட் கட்டாயமா? வெளிச்சம், நிறம், வெட்டல், தோல் சுத்தம் என்ற வழக்கமான வேலைக்கு இல்லை. 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த, இருட்டுப் படங்களில் விழும் பொடிப் புள்ளிகளை நீக்கும் டினொய்ஸ் போன்ற ஏஐ வசதிகள்தான் கார்டைக் கேட்கும். இருட்டு மண்டபத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படங்களை அதில் போட்டால், கார்ட் இல்லாத மெஷினில் ஒவ்வொரு படமும் நிமிடக்கணக்கில் இழுக்கும். கோயில் திருவிழா, இரவு வரவேற்பு என்று அப்படிப்பட்ட படங்களே அதிகம் என்றால் கார்ட் எடுக்கலாம். கேமிங் லெப்டொப் என்று போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 144 ஹெர்ட்ஸ் என்று பெருமையாகப் போட்டிருக்கும் மலிவான கேமிங் மெஷின்களிலும் அதே 45 வீதத் திரை ஒளிந்திருக்கும். ஹெர்ட்ஸ் என்பது திரை காட்சியை மாற்றும் வேகம். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எஸ்எஸ்டி 512 ஜிபி எடுங்கள், முடிந்தால் இன்னொரு எஸ்எஸ்டி பூட்ட இரண்டாவது எம்.2 இடம் காலியாக உள்ள மொடலாக. கமெரா சுருக்காமல் தரும் ரோ கோப்பு ஒன்று 30 எம்பி என்று வைத்தால் இரண்டாயிரம் படம் உள்ள ஒரு கலியாணம் 60 ஜிபி. ஆறேழு கலியாணத்தில் லெப்டொப் நிரம்பிவிடும். முடிந்த வேலைகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஒன்றுக்கு அல்ல, இரண்டுக்கு.

லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வரும் சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பிப்பது எங்களவர் வழக்கம். விலை இலாபமாக இருக்கலாம். ஆனால் பிரான்ஸில் வாங்கியதில் கீபோர்ட் வேறு: ஏ இருக்கும் இடத்தில் க்யூ, இஸட் இருக்கும் இடத்தில் டபிள்யூ. ஜெர்மனியில், சுவிஸில் வாங்கினால் இஸட்டும் வையும் இடம் மாறியிருக்கும். படம் திருத்துகிறவர் நாளைக்கு நூறு தடவை அழுத்தும் கட்டளை கன்ட்ரோல் இஸட், அதாவது செய்ததைத் திருப்புவது. விரல் பழகியவருக்கு இது பெரிய இம்சை. விண்டோஸில் மொழியை மாற்றலாம், கட்டைகளில் அச்சிட்ட எழுத்து மாறாது. மாமாவிடம் "யூகே கீபோர்ட்" என்று சொல்லிவிடுங்கள். அங்கே தந்த வாரன்டி இங்கே செல்லுமா என்றும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெக்புக் எயாருக்கு நிறத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. திரை எஸ்ஆர்ஜிபியையும் தாண்டிய பி3 எல்லை வரை போகும். 2024 ஒக்டோபரிலிருந்து ஆரம்ப மொடலே 16 ஜிபியோடு வருகிறது, அதற்கு முந்தியவற்றில் 8 இருக்கும், பார்த்து எடுங்கள். ரேமையோ எஸ்எஸ்டியையோ பிறகு கூட்ட வழியே இல்லை.

பாவித்த லெப்டொப் தேடுபவர்களுக்கு ஒரு கோடு: இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது வேண்டாம். விண்டோஸ் 11 அதற்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட மெஷின்கள் உடல் உறுதியானவை, கீபோர்ட் அருமை, ஆனால் திரை பெரும்பாலும் எழுத்து வாசிப்பதற்கென்று போட்டது. மொனிட்டரோடு சேர்த்து வாங்குபவருக்கே அவை பொருந்தும். பெட்டரியையும் சோதியுங்கள். தயாரித்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று விண்டோஸே அறிக்கை தரும்.

விலைகளை இங்கே எழுதவில்லை. 2022இல் ரூபாவை மிதக்கவிட்ட பிறகு டொலர் 200 சொச்சத்திலிருந்து சில வாரங்களில் 300ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். கடைகளும் விலைமனுவை ஒரு சில நாளுக்கு மேல் நம்பச் சொல்வதில்லை. வாரன்டியைக் கேட்கும்போது அது முகவரின் வாரன்டியா, கடையின் வாரன்டியா என்று பிரித்துக் கேளுங்கள். பில்லின் அடியிலுள்ள பொடி எழுத்தையும் வாசியுங்கள். ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று போட்ட பில்கள் கொழும்பில் சாதாரணம். இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம், உள்ளே தீய்ந்த அடையாளம் ஆகியவற்றுக்கு வாரன்டி இல்லை என்றும் இருக்கும். ஆகவே சேர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் நாடே இருண்டது என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். குரங்குக்கு எந்தக் கடையும் வாரன்டி தராது. லெப்டொப்பின் பெட்டரியாவது செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமிக்க நேரம் தரும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட், தானாக வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் வசதி, விவிட் நிற அமைப்பு மூன்றையும் நிறுத்துங்கள். முழு வெள்ளை, முழு கறுப்புப் படங்களைத் திறந்து செத்த புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றிக் கேட்பதென்றால் முதல் சில நாட்களுக்குள்தான் கேட்க முடியும். காசுக்குப் படம் செய்பவர் என்றால் ஸ்பைடர் போன்ற நிறம் அளக்கும் கருவி ஒன்றை நண்பர்களோடு பங்கு போட்டு வாங்கி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருதடவை திரையை நேர்செய்யலாம்.

கருவி இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. "பிரிண்ட் இருட்டாக வந்துவிட்டது" என்ற முறைப்பாட்டுக்கு லாப் காரணமாக இருப்பது குறைவு. திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தியதுதான் அநேகமாகக் காரணம். அல்பம் கொடுப்பதற்கு முன் மூன்று நாலு படங்களைச் சிறிய அளவில் பிரிண்ட் எடுத்து வந்து, பகலில் ஜன்னலோரம் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். பிரிண்ட் இருட்டாகத் தெரிந்தால் படத்தில் கை வைக்காமல் திரையின் வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் அளவைக் குறித்துக்கொண்டு, இனி அந்த அளவில் வைத்தே திருத்துங்கள்.